பாரி புழுவுக்கு என்ன கொடுத்தான்?

பறம்புமலைப் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதை பள்ளிக்கூடத்திலேயே நமக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. பற்றிக்கொள்ளக் கொழுகொம்பு இல்லாமல் காற்றில் தவித்த கொடியைப் பார்த்தான், மனசு கேட்கவில்லை, தேரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனான். கதை அத்தோடு முடிந்துவிடும். ஆனால் ஒரே ஒரு தொட்டியிலாவது முல்லை வளர்த்தவர்களுக்குக் கதையின் மிச்சம் தெரியும். அடுத்த மழைக்குக் கொடி தேரை மூடியிருக்கும். அரும்பு கட்டியிருக்கும். அரும்பு கட்டிய சில நாட்களில் மொட்டுப்புழு வந்திருக்கும். மல்லிகை, முல்லை இனங்களுக்கென்றே வாய்த்த புழு அது. மொட்டைத் துளைத்து உள்ளே போய், பூவாகியிருக்க வேண்டியதைத் தின்றுவிட்டு அடுத்த மொட்டுக்கு நகரும். கொடிக்குத் தேர் கொடுத்தவன் அந்தப் புழுவுக்கு என்ன கொடுத்தான்?

கிண்டலுக்காகக் கேட்கவில்லை. ஒரு உயிரின் தவிப்பைப் பார்த்து இளகுபவர்தான் வள்ளல் என்றால், இரண்டு உயிர்களின் தவிப்பு ஒன்றுக்கொன்று எதிராக வந்து நிற்கும்போது எந்தப் பக்கம் இளகுவது? காட்டில் இந்தக் கேள்வி நம்மிடம் வருவதில்லை. அங்கே நாம் எதையும் நடவில்லை, யார் யாரைத் தின்றாலும் நமக்குப் பொறுப்பு இல்லை. வயலில் பதில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பயிர் போனால் குடும்பம் பட்டினி. வீட்டுத் தோட்டம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இடம். அதை நம்பி யாரும் உயிர் வாழவில்லை, ஆனால் நட்டது நாம்தான். அதனால் அங்கே நடக்கிற ஒவ்வொரு கொலைக்கும் நாமே ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னாலேயே.

தாம்பரம் பக்கம் இருந்துகொண்டு இதைப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. இங்கே காடும் வீடும் இன்னும் முழுசாகப் பிரியவில்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தபோது அதற்குக் கிடைத்தது சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி. 350 ஏக்கருக்கும் மேலான அந்த வளாகத்தில் இன்றும் புதர்க்காடும் புள்ளிமானும் உண்டு. நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இவற்றுக்கு நடுவே கிடைத்த சந்துகளில் எல்லாம் நாம் ஃப்ளாட் வாங்கியிருக்கிறோம். ஆகவே ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்றாவது மாடி பால்கனியில் ஒரு எலுமிச்சைத் தொட்டி வைத்தாலும், அது சுற்றுவட்டாரத்துக்கே போர்டு மாட்டிய மாதிரி. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

முதலில் படிப்பது கறிவேப்பிலை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சி. கூடவே எலுமிச்சை அழகியும் வரும். பெண் பூச்சி செடியைச் சுற்றிப் பறந்து, இலைமேல் உட்கார்ந்து, முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கும். அதன் நாக்கு காலில் இருக்கிறது என்று சொன்னால் பெரிய தப்பில்லை. இலையின் ரசாயனத்தைக் காலால்தான் ருசி பார்க்கிறது. சரியான செடி என்று தெரிந்ததும் வெளிர்மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக வைக்கும். வெளியே வருகிற புழு முதல் சில நாட்கள் அசல் காக்கை எச்சம் மாதிரி இருக்கும். பறவைகள் திரும்பிக்கூடப் பார்க்காது. வளர்ந்ததும் தோல் உரித்து இலைப்பச்சைக்கு மாறும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் ஒரு கவை நீளும், பாம்பு நாக்கு மாதிரி. குப்பென்று ஒரு நெடி. இத்தனை தற்காப்பையும் மீறி அது செய்வது ஒரே ஒரு வேலை: தின்பது. தொட்டியில் இருக்கும் சின்னக் கறிவேப்பிலைச் செடியை நாலைந்து புழுக்கள் சேர்ந்தால் ஒரு வாரத்தில் குச்சியாக்கிவிடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பெண் பூச்சி போடும் வேஷம். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில ஆண் மாதிரியே கறுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். சில ரோஜா அழகி என்ற வேறொரு இனத்தைப் போலவும், சில சிவப்புடல் அழகியைப் போலவும் இருக்கும். அந்த இரண்டும் ஆடுதின்னாப்பாளைக் குடும்பச் செடிகளைத் தின்று வளர்பவை. செடியின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் பறவைகள் அவற்றைத் தொடாது. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி அந்தச் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. எந்தப் பெண்ணுக்கு எந்த வேஷம் என்பதை 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்று கிருஷ்ணமேக் குண்டேயும் அவரது சகாக்களும் 2014இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடிப்படையில் ஆண் பெண் பேதத்தை அமைக்கிற மரபணு அது. பரிணாமம் இருக்கிற கோடை வைத்தே புது அம்சத்தை ஓட்டியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் ரிவ்யூவில் திட்டு வாங்கியிருப்பார்.

ஆடுதின்னாப்பாளை என்ற பெயரைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஆடாதொடையும் அதே ரகம்தான், ஆடு தொடாதது. செடிக்குப் பெயர் வைத்தவன் அதன் பூவைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை. யார் இதைத் தின்பதில்லை என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறான். செடியை அதைத் தின்ன வருகிறவர்களோடு சேர்த்தே பார்த்த கண் அது. நர்சரியில் தொட்டி வாங்கும் நமக்கு அந்தக் கண் கிடையாது. செடி நமக்கு ஒரு பொருள். அதைத் தின்ன வருவது திருட்டு.

பக்கத்து வீட்டு அக்கா என் செடியைப் பார்த்துக் கேட்டது இது: "என்ன தம்பி, செடி பூரா எலும்பா நிக்குது, மருந்து அடிக்கலையா?"

"பட்டாம்பூச்சி புழுக்கா அது."

"பட்டாம்பூச்சின்னா பார்க்குல போய்ப் பார்த்துக்கலாமே. ரசத்துக்கு என்ன போடுவே?"

சூழலியல் கட்டுரைகளில் இந்த மாதிரி ஆட்களை அறியாமைக்கு உதாரணமாக நிறுத்துவது வழக்கம். எனக்கு அந்த வழக்கத்தில் உடன்பாடு இல்லை. ரசத்துக்கு என்ன போடுவாய் என்பது நல்ல கேள்வி. சொல்லப்போனால் இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன், புழுவைக் கொல்வது ஒரு விஷயமே இல்லை என்கிற தரப்பைப் பார்க்கலாம். தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலன் கணக்கில் அடுக்குகிறது. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பி வகையும் ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, விலங்குகள் ஐந்தறிவு, மனம் சேர்ந்த மனிதர் ஆறறிவு. அழகான அடுக்கு. ஆனால் அடுக்கு என்று வந்துவிட்டால் மேலே இருப்பதற்காகக் கீழே இருப்பதைச் செலவு செய்யலாம் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். திருக்குறளில் கொல்லாமை என்றே ஓர் அதிகாரம் உண்டு. அதே நூலில் செங்கோன்மை அதிகாரத்தில், கொலைகாரர்களை அரசன் மரண தண்டனையால் ஒறுப்பதைப் பயிரில் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறார் வள்ளுவர். உவமை எப்போதும் சந்தேகமில்லாத பக்கத்திலிருந்துதான் கடன் வாங்கும். மனிதனைக் கொல்வதற்கு நியாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. களை பிடுங்குவதற்கு வேண்டியதில்லை. கொல்லாமையை அவ்வளவு அழுத்திச் சொன்னவருக்கே, தோட்டத்தில் நடக்கும் கொலை யாரும் ஆட்சேபிக்காத எடுத்துக்காட்டாக இருந்திருக்கிறது.

களைக்கு வலி உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. பூச்சி விஷயத்தில்தான் பழைய உறுதி தளர்ந்துகொண்டிருக்கிறது. 2022இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் லார்ஸ் சிட்காவின் குழு வெளியிட்ட ஆய்வில், பம்பிள் தேனீக்கள் எந்த உணவும் பரிசும் இல்லாமல் சின்ன மரப்பந்துகளைத் திரும்பத் திரும்ப வந்து உருட்டின. விளையாட்டு என்பதைத் தவிர அதற்கு வேறு சொல் கண்டுபிடிப்பது கஷ்டம். 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு பிரகடனம் வெளியானது. பூச்சிகள் உட்பட முதுகெலும்பில்லாத பல உயிர்களுக்கும் உணர்வனுபவம் இருப்பதற்கு உண்மையான சாத்தியம் இருக்கிறது, முடிவெடுக்கும்போது அந்தச் சாத்தியத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது பொறுப்பில்லாத செயல் என்று விலங்கு மனத்தை ஆராயும் பலர் அதில் கையெழுத்திட்டார்கள். நிரூபணம் ஆகிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் "அதுக்கென்ன தெரியும், புழு" என்று நசுக்குவதற்கு முன்னால் விரல் ஒரு நொடி நிற்கிற அளவுக்கு ஆகியிருக்கிறது.

சரி, அப்படியானால் கொல்லாமல் விட்டுவிடலாம். இயற்கை பார்த்துக்கொள்ளும். இந்த வாக்கியத்தை ஆர்கானிக் தோட்டக்காரர்கள் ஒருவித நிம்மதியோடு சொல்வார்கள். இயற்கை எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வாரம் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த நிம்மதி போய்விடும். ஒட்டுண்ணிக் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உயிரோடிருக்கும் புழுவை உள்ளிருந்து தின்று வளரும். இந்த வகைக் குளவிகளை மனத்தில் வைத்துத்தான் சார்லஸ் டார்வின் 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், கருணையுள்ள கடவுள் இவற்றைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். நான் மருந்தடித்தால் புழு ஒரு மணி நேரத்தில் சாகலாம். விட்டுவிட்டால் பத்து நாளில் சாகலாம். என் கை சுத்தமாக இருக்கிறது என்பது எனக்கு ஆறுதல். புழுவுக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை.

அந்தக் குளவிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்ணில் பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, நம் வீட்டுச் செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. இலையெல்லாம் பஞ்சு அப்பிய மாதிரி ஆகிச் செடி சுருண்டது. மருந்து தெளித்துப் பார்த்தார்கள், மாவுப் படலத்துக்குள் இறங்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதது, மாவுப்பூச்சிகளை உள்ளிருந்து தின்று மாநிலம் முழுக்க அடக்கியது. டார்வினுக்குக் கடவுள்மேல் சந்தேகம் வரவைத்த அதே ஜாதி, நம் ஊரில் பப்பாளி விவசாயியின் குடும்பத்தைக் காப்பாற்றியது, எத்தனையோ டப்பா விஷம் நிலத்தில் கொட்டாமல் தடுத்தது. கொடூரம், கருணை என்கிற சொற்களை எந்தத் தூரத்தில் நின்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்துதான் அவை பொருந்துகின்றன.

தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாம் சமநிலை, எல்லாம் சுழற்சி என்று ஆகிவிடும். அதுவும் ஒரு தப்பித்தல்தான். தொட்டி என்னுடையது. ஆகவே சுழற்சியைக் காட்டிவிட்டு நான் நழுவ முடியாது.

இங்கேதான் எனக்குப் பாரியைவிட சிபி உதவியாக இருக்கிறான். சோழர்கள் தங்கள் முன்னோன் என்று சொல்லிக்கொண்ட சிபி. பருந்துக்குப் பயந்து ஒரு புறா அவன் மடியில் விழுகிறது. அவன் அடைக்கலம் தருகிறான். பாரி கதையாக இருந்தால் இங்கே கைதட்டல், முற்றும். சிபி கதையில் பருந்து பின்னாலேயே வந்து வழக்குப் பேசுகிறது. அதைக் காப்பாற்றிவிட்டாய், என் பசிக்கு என்ன வழி? நான் பட்டினி கிடந்து சாவது உன் அறத்தில் எங்கே சேரும்? சிபி பருந்தை விரட்டவில்லை. அதன் வழக்கில் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறான். தராசு கொண்டுவரச் சொல்லி, புறாவின் எடைக்குத் தன் தொடையை அரிந்து வைக்கிறான்.

தியாகத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கதை மிகை. யாரும் தொடையை அரியப் போவதில்லை. எனக்குப் பிடித்தது அதிலுள்ள கணக்கு. கருணைக்கு ஒரு விலை உண்டு, அதை யாராவது கொடுத்தே ஆக வேண்டும், முடிவெடுத்தவனே கொடுக்கட்டும் என்கிறது கதை. அவன் அரண்மனைச் சமையல்காரனிடம் ஒரு ஆட்டை அறுத்துத் தரச் சொல்லியிருக்கலாம். சட்டப்படி தப்பில்லை. கதை கெட்டுப்போயிருக்கும்.

இப்போது ரசத்துக்கு வருவோம். புழுவுக்கு என் கறிவேப்பிலையை விட்டுக்கொடுத்தேன். நல்லது. பிறகு ரசத்துக்கு என்ன போட்டேன்? தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது கொசுறாக ஒரு கொத்து வாங்கிக்கொண்டேன். அந்தக் கொத்து காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருக்கலாம். அங்கேயும் இதே அழகி வரும், இதே புழு வரும். அங்கே மருந்தடிப்பார்கள், அவர்களுக்கு அது பிழைப்பு. பூச்சிக்கொல்லி எச்சத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கூடுதலாகச் சோதிக்கும் பொருட்களின் பட்டியலில் இந்தியக் கறிவேப்பிலை பல ஆண்டுகள் இருந்தது. ஆக என் பால்கனியில் நாலு புழுவைக் காப்பாற்றிவிட்டு, எங்கோ நாற்பது புழு சாவதற்கும், அதைத் தெளிக்கிற ஒரு கூலித் தொழிலாளி முகமூடியில்லாமல் அதை மூச்சில் இழுப்பதற்கும் ஆர்டர் கொடுத்திருக்கிறேன். ஐடி வேலையில் இதற்கு ஒரு பழைய வித்தை உண்டு. பிரச்சினையைத் தீர்க்காமல் டிக்கெட்டை வேறு டீமின் வரிசைக்குத் தள்ளிவிடுவது. நம் டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும்.

அதனால் புழு தின்னும் மாதங்களில் ரசம் கறிவேப்பிலை இல்லாமல் இருக்கட்டும் என்பது என் கட்சி. வீட்டில் இதற்கு ஏகப்பட்ட எதிர்ப்பு. அது நியாயமான எதிர்ப்பும்கூட, ஏனென்றால் ரசம் வைப்பது நானில்லை. ஆனால் விட்டுக்கொடுப்பது என்றால் ருசியில் கொஞ்சமாவது குறைய வேண்டும், இல்லையென்றால் எதை விட்டுக்கொடுத்தோம்?

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கறிவேப்பிலை அழகி மனிதன் தொட்டி வைப்பதற்கு முன்னால் எங்கே இருந்தது? இந்தப் பக்கத்துப் புதர்க்காடுகளில் காட்டெலுமிச்சை வளரும், வில்வம் உண்டு. இரண்டிலும் அது முட்டையிடும். மேடவாக்கம் தொடங்கி மாம்பாக்கம் வரை அந்தப் புதர்களைத்தான் 'காலி இடம்' என்று பிளாட் போட்டு விற்றார்கள், நாமும் இ.எம்.ஐ. போட்டு வாங்கினோம். புதருக்குப் பெயர் இல்லை, பட்டா இல்லை, அதற்காகப் போராட யாரும் வரவில்லை. அப்படிப் பார்த்தால் என் தொட்டியில் அது தின்பதை நான் தானம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. வாடகை பாக்கி என்று சொல்லலாம்.

வாடகை வாதம் எல்லோருக்கும் பொருந்தாது. மழைக்காலத்தில் சுவரேறி வரும் பெரிய நத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கப் பெருநத்தை. 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரிஷியசிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டதிலிருந்து அதன் இந்தியக் கதை தொடங்குகிறது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். ஒரு முறைக்கு நூற்றுக்கணக்கில் முட்டை. கண்டதையெல்லாம் தின்னும். எலி நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியது என்பதால் வெறும் கையால் தொடக்கூடாது. இதற்கு நாம் எந்த இடத்தையும் பறிக்கவில்லை, நாம்தான் கூட்டிவந்தோம். அது தன் விருப்பத்தில் வரவில்லை என்பதும் உண்மை, அதை விட்டுவைத்தால் மற்றவற்றுக்கு இடமிருக்காது என்பதும் உண்மை. இதை அடக்குகிறேன் என்று ஹவாயில் 1955இல் இன்னொரு ஊன் தின்னும் நத்தையை இறக்கினார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு அந்தத் தீவின் சொந்த மரநத்தைகளைத் தின்று அழித்தது. மாவுப்பூச்சிக்குக் குளவி கொண்டுவந்ததும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே யோசனைதான். ஒன்றில் வந்தவர் ஒரே பூச்சியைத் தவிர வேறெதையும் தொடாதவர், இன்னொன்றில் எதையும் தின்பவர்.

நத்தையை நான் கொல்வேன். அதில் எனக்கு மனச்சாட்சி உறுத்தல் பெரிதாக இல்லை. ஆனால் நம் குடியிருப்புகளில் அதைக் கொல்லும் முறை உப்பு. கல்லுப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டால் உடம்பின் நீர் வெளியே இழுக்கப்பட்டு, நுரை தள்ளி, நிமிடக்கணக்கில் சுருங்கிச் சாகும். பிள்ளைகளைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுவார்கள். கல்லால் ஒரே அடி என்றால் ஒரு நொடியில் முடிந்துவிடும், ஆனால் அசிங்கமாக இருக்கும், கை நடுங்கும். உப்பு போடுவது தூரத்திலிருந்து செய்யலாம். நம் அருவருப்பை மிச்சப்படுத்துவதற்காக அதன் சாவை நீட்டுகிறோம். ஈரறிவு உயிர்தானே என்பதற்காக இதை விட்டுவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. (செம்போத்துக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. ஓட்டை உடைத்துத் தின்றுவிட்டுப் போகிறது. செம்போத்து வருகிற தோட்டத்துக்குக் கொஞ்சம் புதர் வேண்டும். நம் ஆட்கள் முதலில் வெட்டுவது புதரைத்தான்.)

புதர் என்றதும் பாம்பு. இதுவரை பேசியதெல்லாம் இலை, ரசம், கை நடுக்கம். இங்கே ஆள் சாகிறார். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது; ஆண்டுக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமத்தவர்கள், விவசாயக் கூலிகள், செருப்பில்லாமல் இருட்டில் நடப்பவர்கள். தமிழக அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது.

பாம்பைக் கொல்லாதே என்று சட்டம் 1972இல் சொன்னபோது அதன் விலையை முதலில் கொடுத்தது யார் என்று பார்த்தால் இந்தப் பக்கத்து இருளர்கள். பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் வருமானத்தை ஒரேயடியாக நிறுத்தின. சட்டம் சரியானதுதான், பாம்புகளுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அதை எழுதிய யாருடைய தசையும் தராசில் இல்லை. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் உடனிருக்க இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. வடநெம்மேலியில் இருக்கிறது, மாமல்லபுரம் போகிற வழியில் பார்த்திருப்பீர்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரங்கள் வைத்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து. பாம்பும் சாகவில்லை, பிழைப்பும் போகவில்லை, கடிபட்டவனுக்கும் மருந்து. இப்படி மூன்று பக்கமும் கணக்கு நேராவது அபூர்வம்.

அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே வளர்ப்பு விலங்காக வந்து தப்பிப்போன பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலத்தின் முயல்களையும் பிற விலங்குகளையும் காலி செய்துகொண்டிருந்தன. நம்மவர்கள் தடம் பார்த்தே அவற்றைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இங்கே பிடித்த பாம்பைத் திரும்ப விடுகிறார்கள். அங்கே பிடித்தவை கொல்லப்படுவதற்காகப் பிடிக்கப்பட்டவை. அதே மலைப்பாம்பு அதன் சொந்த ஊரான தென்கிழக்கு ஆசியாவில் அழியும் நிலைக்கு நகர்ந்துகொண்டிருக்கும் இனம். உயிர் ஒன்றுதான், எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறிவிடுகிறது. இது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு மழைக்காலத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துப் புதரில் பாம்பு நடமாட்டம் தெரிந்து அசோசியேஷன் மீட்டிங் போட்டார்கள். பெரும்பாலானவர்கள் இளைஞர்கள், படித்தவர்கள். கொல்லக்கூடாது என்று ஏகமனதாக முடிவானது. சாரையாக இருக்கும், எலிக்கு நல்லது, பாம்பு மீட்பவரின் எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம், புதரையும் வெட்ட வேண்டாம், அதில் தையல்சிட்டு இருக்கிறது. எல்லாமே எனக்கும் சம்மதமான விஷயங்கள். மீட்டிங் நடந்தது மூன்றாவது மாடி ஹாலில். இரவு பத்து மணிக்கு மேல் கரண்ட் போனால் அந்த அறைக்குப் போய் ஜெனரேட்டரைப் போடுபவர் வாட்ச்மேன். அறுபதைத் தாண்டியவர், ரப்பர் செருப்பு. அவரை மீட்டிங்குக்கு யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்தபோது காதில் விழுந்ததை வைத்துக் கேட்டார்.

"கொல்ல வேணாம்னா வேணாம் சார். போன் பண்ணா ஆளு வர அரை மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் அது எங்க போவுதுன்னு லைட் அடிச்சிப் பார்த்துக்கிட்டே நிக்கணுமில்ல, அது யாரு?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முழங்கால் வரை வரும் பூட்ஸ் ஒரு ஜோடி, நல்ல டார்ச் ஒன்று, அறை வாசலில் பேட்டரியில் எரிகிற விளக்கு என்று பட்டியல் போட்டார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் பணம் தரவில்லை.